ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தின் ஆசிரியர் முகாம்கள்

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இன்றைய நர்மதாபுரம்) 1972 முதல் 2002 வரை அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் நடந்தது. அதற்காக ஆண்டுதோறும் பெரும்பாலும் கோடை விடுமுறையில் கூடிய பணியிடைப் பயிற்சி முகாம்களே இக்கட்டுரையின் பொருள். இத்திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் பாடநூலையும் மலிவுக் கருவிகளையுமே முதலில் சொல்வார்கள். ஆனால் அவ்விரண்டும் உருப்பெற்றது இந்த முகாம்களில்தான்.

தொடக்கம்

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உயிரியல் ஆய்வாளராக இருந்த அனில் சத்கோபால், அவ்வேலையை விட்டு வந்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி என்ற அமைப்பைத் தொடங்கினார். ரசூலியாவில் இருந்த ஃபிரண்ட்ஸ் கிராமப்புற மையமும் கிஷோர் பாரதியும் சேர்ந்து, மாநில அரசின் அனுமதியுடன் 1972இல் 16 பள்ளிகளில் திட்டத்தை ஆரம்பித்தன. முதல் பயிற்சிக்கு டாட்டா நிறுவன அறிவியலாளர்களும் அகில இந்திய அறிவியல் ஆசிரியர் சங்கத்தினரும் துணை நின்றனர். அடுத்த ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள். பல்கலைக்கழக ஆசிரியர்கள் கிராமப் பள்ளிப் பணிக்கு வர, பல்கலைக்கழக மானியக் குழு வழிசெய்து கொடுத்தது அன்றைக்கு அபூர்வமான ஏற்பாடு.

முகாம் நடந்த விதம்

ஆறு, ஏழு, எட்டு ஆகிய ஒவ்வொரு வகுப்பின் பாடத்துக்கும் ஏறத்தாழ 3 வாரப் பயிற்சி உண்டு. எனவே ஓர் ஆசிரியர் மூன்று வகுப்புக்கும் தேர்ச்சி பெற மூன்று முறை வர வேண்டியிருந்தது. முகாமில் சொற்பொழிவு குறைவு. ஆசிரியர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, மாணவர்கள் செய்யப்போகும் சோதனைகளைத் தாங்களே செய்து, கண்டதை எழுதி, பிறகு எல்லோருமாக விவாதித்தார்கள். ஒரே நீளத்தை அளந்த நான்கு பேருக்கு நான்கு விடை வந்தால், எது சரி என்று கருத்தாளர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அளவீட்டில் ஏற்ற இறக்கம் இயல்பு என்பதை அந்த எண்களிலிருந்தே அவர்கள் கண்டடைய வேண்டும். பட்டப்படிப்பில் அறிவியலைத் தொடாதவர்களும் வந்திருந்ததால் இந்த நிதானம் தேவைப்பட்டது.

கருவிகளும் இதே போக்கில் அமைந்தன. பூவைப் பிரித்துப் பார்க்கக் கருவேல முள்ளே ஊசியானது. 1978இல் இங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்வுக் குழாயையும் தீக்குச்சியையும் இணைத்து வடிவியல் மாதிரிகள் செய்யும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அது நாடெங்கும் பரவியது.

ஆய்வாளர்களுக்கு முகாம் ஒரு சோதனைக் களமும் ஆயிற்று. பாட வரைவு முதலில் ஆசிரியர்கள் கைக்குப் போகும். செய்ய முடியாத சோதனை, புரியாத வாக்கியம், வகுப்பு நேரத்துக்குள் முடியாத பகுதி ஆகியவற்றை அவர்கள் சுட்டிக்காட்டினால் பாடம் திருத்தி எழுதப்படும். ‘பால் வைக்ஞானிக்’ என்ற பாடநூல் இப்படித்தான் பலமுறை மாறியது. காலப்போக்கில் மாவட்ட ஆசிரியர்கள் பலர் தாங்களே கருத்தாளர்களாகிப் புதியவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பேராசிரியர் பேச, பள்ளி ஆசிரியர் குறிப்பெடுக்கும் வழக்கமான பயிற்சிகளிலிருந்து இதைப் பிரித்துக்காட்டுவது இந்த இடமாற்றமே என்று சொல்லலாம்.

தொடர் பணிகள்

முகாமோடு வேலை முடிந்துவிடவில்லை. பள்ளி ஆண்டில் மாதாந்தரக் கூட்டங்களும் பள்ளிப் பார்வைகளும் இருந்தன. எட்டாம் வகுப்பு இறுதித் தேர்வில் மாணவர்கள் நூலையும் தங்கள் குறிப்பேட்டையும் உடன் வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்தால் பயனில்லாத வினாக்களை எழுதுவது எளிதல்ல. அதனால் வினாத்தாள் தயாரிப்பும் ஆசிரியர்கள் கூடிச் செய்யும் பணியாயிற்று. குழந்தைகள் மனத்தில் தோன்றும் எந்தக் கேள்வியையும் கடிதமாக எழுதிக் கேட்க ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதர் ஒருவரும் படைக்கப்பட்டார். பதில்களை எழுதியவர்கள் திட்டக் குழுவினர்.

விரிவும் சிக்கல்களும்

1978இல் மாவட்டத்தின் அரசு நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் திட்டம் நீட்டிக்கப்பட்டது. 1982இல் இதை முன்னெடுக்க ஏகலவ்யா என்ற நிறுவனம் தோன்றியது. பின்னர் மாநிலத்தின் வேறு பல மாவட்டங்களிலும் சில பள்ளித் தொகுதிகள் சேர்ந்தன.

விரிவு தன் சுமைகளையும் கொண்டுவந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றலாகிப் போனால் அந்தப் பள்ளி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உடையும், தீரும் கருவிப் பொருள்களை ஆண்டுதோறும் நிரப்புவது அரசு நிர்வாகத்தின் வேகத்தைப் பொறுத்திருந்தது. ஒன்பதாம் வகுப்பில் காத்திருந்ததோ பழைய பாணிப் பாடத்திட்டம். நடுநிலையில் கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைகள் அங்கே பின்தங்குவார்கள் என்ற அச்சம் பெற்றோரிடம் இருந்தது. திட்டத்தின் ஆதரவாளர்கள் இதைச் சற்று அலட்சியமாகக் கடந்துபோனார்கள் என்றே தோன்றுகிறது. உயர்நிலைப் பள்ளிக்கும் அதே முறையைக் கொண்டுபோகும் வாய்ப்பு திட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

நிறுத்தம்

உள்ளூர் அரசியல்வாதிகளின் எதிர்ப்பு வலுத்த நிலையில், 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தி, மாநிலம் முழுமைக்குமான பாடநூலையே இப்பள்ளிகளுக்கும் விதித்தது. நாட்டின் பல அறிவியலாளர்களும் கல்வியாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தும் முடிவு மாறவில்லை. முப்பதாண்டு வரலாற்றை, அதில் நேரடியாகப் பங்குகொண்ட சுஷீல் ஜோஷி ‘ஜஷ்ன்-ஏ-தாலீம்’ என்ற இந்தி நூலில் எழுதியிருக்கிறார். ஆசிரியர்களுக்காக ஏகலவ்யா 1990களில் தொடங்கிய ‘சந்தர்ப்’ இதழ், திட்டம் நின்ற பிறகும் தொடர்ந்து வெளிவந்தது.