மேடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

2018-ல் தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன் பாடத்திட்டம் மாறியது. மறு வருஷம் ப்ளஸ் டூ. கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்த ஆத்தூர் மாணவிக்கு முதல் வருஷம் சி ப்ளஸ் ப்ளஸ், அடுத்த வருஷம் பைத்தான். 'எதுக்கு சார் ரெண்டு?' என்று அவள் கேட்டால், நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஏறக்குறைய எழுபது வருஷச் சரித்திரம் வேண்டும்.

வடக்கேயிருந்து ஒரு தலைவர் வந்து ஆத்தூரில் பேசுகிறார் என்று வையுங்கள். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்வார். கூட்டம் முடிய இரண்டு மடங்கு நேரமாகும். ஆனால் ஊருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் போதும், அதே பேச்சு விஜயவாடாவிலும் எடுபடும். இதுதான் இன்டர்ப்ரெட்டர். பேச்சு முழுவதையும் முன்கூட்டியே மொழிபெயர்த்து அச்சடித்துக் கொடுத்தால்? மடமடவென்று படித்துவிடலாம். ஆனால் தமிழ்ப் பிரதி விஜயவாடாவில் செல்லாது, அங்கே தனியாக அச்சடிக்க வேண்டும். இது கம்பைலர்.

1953-ல் ஐபிஎம் 701 இயந்திரத்துக்கு ஜான் பேக்கஸ் 'ஸ்பீட்கோடிங்' என்றொரு இன்டர்ப்ரெட்டர் செய்தார். பேர்தான் ஸ்பீட். எழுதுவது சுலபமாயிற்று; ஓடுவது பத்து மடங்குக்கு மேல் மெதுவாயிற்று. மாத வாடகை பத்தாயிரம் டாலருக்கு மேல் போன இயந்திரத்தை எவ்வளவு நேரம்தான் காக்க வைப்பது? அதே பேக்கஸ் குழு 1957-ல் ஃபோர்ட்ரான் கம்பைலரைத் தந்தது. கையால் எழுதிய இயந்திர மொழிக்குக் கிட்டத்தட்ட ஈடான வேகம்!

காற்று மறுபடி திரும்பியது. 1975-ல் வந்த குட்டி ஆல்டேர் கம்ப்யூட்டரில் 4 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கியது பேசிக் இன்டர்ப்ரெட்டர். 1984-ல் இந்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பிபிசி மைக்ரோவிலும் அதே கதைதான்: ஸ்விட்சைப் போட்டால் பேசிக் தயாராகக் காத்திருக்கும். தப்பாக ஒரு வரி அடித்தால் உடனே சொல்லிவிடும்.

1995-ல் ஜாவா நடுவழி பிடித்தது. பாதி வரை கம்பைல் செய், மீதியை அந்தந்த இயந்திரத்திலிருக்கும் 'மாய இயந்திரம்' பார்த்துக்கொள்ளும். ஒரு தடவை எழுது, எங்கே வேணாலும் ஓட்டு என்றார்கள். ஆரம்பத்தில் ஓடவில்லை, நடந்தது! அடிக்கடி வரும் பகுதிகளை ஓடும்போதே இயந்திர மொழியாக்கும் உத்தி வந்த பிறகுதான் வேகம் பிடித்தது.

ஆக, கேள்வி எப்போதும் ஒன்றுதான்: யாருடைய நேரம் விலை அதிகம்? 1953-ல் இயந்திரத்தின் நேரம். ஒரே ஒரு லேப் பீரியடில் புரோகிராமை ஓட்டிப் பார்த்தாக வேண்டிய ஆத்தூர் மாணவிக்கோ, அவளுடைய நேரம்தான் விலை அதிகம். அவளுக்குப் பைத்தான் சௌகரியம். கோடிக்கணக்கான கணக்குகளைப் போட வேண்டி வந்தால் சி ப்ளஸ் ப்ளஸ் கைகொடுக்கும். அந்த ப்ளஸ் டூ புத்தகத்திலேயே இரண்டையும் சேர்த்து ஓட்ட ஒரு பாடம் உண்டு.

இன்னொன்றும் அவளுக்குச் சொல்லலாம். பரவலாகப் புழங்கும் பைத்தான் இன்டர்ப்ரெட்டரே சி மொழியில் எழுதி, கம்பைல் செய்யப்பட்டதுதான்.