ஜான் நியூட்டன்: புயலுக்குப் பிறகு நாற்பது வருடங்கள்

கிறிஸ்தவக் கூட்டங்களில் சாட்சி சொல்பவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும். இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன கூட்டத்தில் நான் இரட்சிக்கப்பட்டேன் என்பார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் எல்லாம் இருட்டு, பின்னால் எல்லாம் வெளிச்சம்.

'மறுபடியும் பிறத்தல்' என்ற சொல் யோவான் சுவிசேஷத்தில், நிக்கொதேமு ராத்திரியில் இயேசுவைப் பார்க்க வரும் இடத்தில் இருக்கிறது. பழைய மனுஷனைக் களைந்துபோட்டுப் புதிய மனுஷனைத் தரித்துக்கொள்வதைப் பற்றிப் பவுல் தன் நிருபங்களில் பேசுகிறார். சரி, அந்தப் புதிய சுபாவம் ஒரே ராத்திரியில் வந்துவிடுமா? இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் ஒரு நல்ல உதாரணம் ஜான் நியூட்டன். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பிரசங்கங்களில் அவர் கதையை இப்படிச் சொல்வார்கள்: அடிமை வியாபாரம் செய்த ஒரு கப்பல் கேப்டன் புயலில் சிக்கினார், கடவுளைக் கூப்பிட்டார், தப்பித்தார், உடனே அந்தத் தொழிலை விட்டுவிட்டு அந்தப் பாட்டை எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படியில்லை. நானும் பல வருடங்கள் இந்தக் கதையைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நியூட்டன் 1725-ல் லண்டனில் பிறந்தவர். பக்தியுள்ள அம்மா, அவருக்கு ஏழு வயது ஆவதற்குள் காசநோயில் இறந்துவிட்டார். பதினொரு வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனார். பிறகு பிரிட்டிஷ் கடற்படை அவரைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது. அங்கிருந்து தப்பி ஓடப் பார்த்து மாட்டி, கசையடி வாங்கினார். கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குப் போய், சாப்பாட்டுக்கே வழியில்லாமல், கிட்டத்தட்ட அவரே அடிமை மாதிரி கிடந்தார். மாலுமிகளே முகம் சுளிக்கும் அளவுக்குக் கடவுளைத் திட்டும் வாய் அவருக்கு.

அங்கிருந்து அவரை மீட்டு வந்த கப்பலின் பெயர் கிரேஹவுண்ட். 1748 மார்ச் மாதம், இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், அட்லாண்டிக் கடலில் புயல் அந்தக் கப்பலைப் பிய்த்துப் போட்டது. கேப்டன் ஒரு கத்தி எடுத்துவரச் சொன்னதால் நியூட்டன் திரும்பிப் போக, அவருக்குப் பதிலாக மேல்தளத்துக்கு ஏறியவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. சரக்கில் தேன்மெழுகும் மரமும் இருந்தன. இரண்டும் தண்ணீரில் மிதப்பவை என்பதால்தான் கப்பல் முழுகவில்லை. கடவுள் இரங்கினால்தான் உண்டு என்று தன் வாயிலிருந்தே வார்த்தை வந்ததைக் கேட்டு நியூட்டன் திகைத்துப் போனார். எனக்கு ஏது இரக்கம் என்றும் யோசித்தார். பிறகு நடுராத்திரிவரை சுக்கான் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது வயது 22. அந்த மார்ச் 21-ம் தேதியைச் சாகும்வரை அவர் மறக்கவில்லை. 1805-ல் அவர் நாட்குறிப்பில் எழுதிய கடைசிக் குறிப்பும் அந்தத் தேதியில்தான்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்தப் புயலுக்குப் பிறகுதான் நியூட்டன் அடிமைக் கப்பலின் கேப்டனே ஆனார்! 1750-க்கும் 1754-க்கும் நடுவில் மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஜெபம் நடத்தினார். கீழே, சங்கிலியில் மனிதர்கள். கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்ற சந்தேகத்தில், அடிமைச் சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகாணிக் கருவியில் வைத்து விசாரித்ததை அவரே கப்பல் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். மனைவி மேரிக்கு அன்பான கடிதங்கள் எழுதியதும் இதே கப்பல்களில் இருந்துதான்.

1754-ல் தொழிலை விட்டதும் மனசாட்சியால் அல்ல. பயணத்துக்குத் தயாரான நேரத்தில் திடீரென்று வலிப்பு மாதிரி வந்து விழுந்துவிட்டார், மருத்துவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். சிறைக்காவலர் வேலை மாதிரி இருக்கிறதே, வேறு நல்ல தொழில் கொடு என்று அவர் ஜெபித்ததுண்டு. ஆனால் அந்தத் தொழிலே பாவம் என்று அப்போது தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். அடிமை வியாபாரம் அன்று கௌரவமான தொழில், தேவாலயங்களும் பெரும்பாலும் கண்டிக்கவில்லை. ஆனால் பேசியவர்களும் இருந்தார்கள். 1758-லேயே ஃபிலடெல்ஃபியாவில் குவேக்கர்கள் இதற்கு எதிராக முடிவெடுத்தார்கள். 1774-ல் ஜான் வெஸ்லி அடிமை முறையைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். நியூட்டனோ 1764-ல் ஓல்னி என்ற சிற்றூரில் குருவாகி, ஏழை ஜனங்களுக்குப் பிரசங்கம் செய்து, 1773 புத்தாண்டு ஆராதனைக்காக 'அமேசிங் கிரேஸ்' எழுதி... இதைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்தார்.

பேசியது 1788-ல். ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு 62 வயது. கடைசிப் பயணம் முடிந்து 34 வருடம், புயல் முடிந்து 40 வருடம். இந்த ஒப்புதல் மிகத் தாமதமாக வருகிறது என்று அவரே அதில் சொல்கிறார். தான் பங்குகொண்ட தொழிலை நினைத்து என்றைக்கும் அவமானப்படுவேன் என்கிறார். பிறகு கப்பலில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒரு துணை மாலுமி, குழந்தை அழுது தன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று, அதைத் தாயிடமிருந்து பிடுங்கிக் கடலில் வீசிய சம்பவமும் அதில் இருக்கிறது. அந்த நூல் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. விசாரணைகளில் அவர் நேரில் போய்ச் சாட்சியும் சொன்னார். சபையில் சொல்கிற சாட்சி அல்ல, தன்னையே குற்றவாளியாக நிறுத்திச் சொன்ன சாட்சி.

அதற்கு முன்பே, 1785 டிசம்பரில், வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் என்ற இளம் பாராளுமன்ற உறுப்பினர் ரகசியமாக அவரைத் தேடி வந்தார். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், அரசியலை விட்டுவிடலாமா என்று குழம்பியிருந்தார். அங்கேயே இருந்து கடவுளுக்குச் சேவை செய் என்றார் நியூட்டன். வில்பர்ஃபோர்ஸ் முன்நின்று போராடிய சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறி, பிரிட்டிஷ் அடிமை வியாபாரம் தடை செய்யப்பட்டது. (அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆகிவிட்டது.) அதே 1807 டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

அப்படியென்றால் 1748-ல் நடந்தது பொய்யா? வேஷமா? சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு அர்த்தத்தில் விசுவாசி என்று அந்த நாட்களிலிருந்தே தன்னைச் சொல்ல முடியாது, அதற்கு வெகுகாலம் ஆயிற்று என்று அவரே 1764-ல் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவிட்டார். இறையியலில் மறுபிறப்பு வேறு, பரிசுத்தமாகுதல் வேறு என்று பிரித்துப் பேசுவார்கள். எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், பிறந்த குழந்தை அன்றே நடக்காது. கெட்ட வார்த்தை பேசுவதும் குடியும் சீக்கிரம் போய்விட்டன, ஏனென்றால் அவை பாவம் என்று அவருக்கு முன்பே தெரியும். ஊரே சரி என்று சொன்ன பாவம் கண்ணில் படத்தான் நாற்பது வருடம் ஆயிற்று.

ஆனால் இதை ஒரு ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. அவர் மெதுவாக வளர்ந்ததற்கு விலை கொடுத்தது அவர் இல்லை. அவருடைய கப்பல்களின் அடித்தளத்தில் கிடந்தவர்கள். அவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் யாராவது இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொன்னால், எனக்கு அதற்கடுத்த வருடங்களைப் பற்றிக் கேட்கத்தான் ஆசை. ஊர் சரி என்று சொல்லும் எதை நாமும் இன்று ஜெபத்தோடு செய்துகொண்டிருக்கிறோம் என்பதும் கூடவே தோன்றுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், பேசலாம்.