மருந்துக் கூடத்தில் பிறந்த மீன்தொட்டி

லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகே, ஒரு குறுகிய தெருவில், அப்போதிக்கரிகள் சங்கத்தின் மண்டபம் இருக்கிறது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்து மறுபடி கட்டப்பட்ட கட்டடம். அப்போதிக்கரி என்ற சொல் நம்மவருக்குப் புதிதல்ல. இலங்கையில் தோட்டத்து மருந்துச்சாலையிலும் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் நம் பெற்றோரின் காய்ச்சலுக்குக் கலவை மருந்து கொடுத்தவர் அவர்தான். லண்டன் மண்டபத்தில் இருந்த ஆய்வுகூடம் பிரித்தானியக் கடற்படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மருந்து தயாரித்து அனுப்பியது. அந்த மருந்துக் கூடத்தில்தான் இன்றைய நன்னீர் மீன்தொட்டியின் கதையும் தொடங்குகிறது.

அங்கே இரசாயனப் பொறுப்பாளராக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். 1849இல் அவர் பன்னிரண்டு கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணலும் கல்லும் இட்டு, ஊற்று நீர் ஊற்றி, வலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியை நட்டார். பிறகு இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். அதற்கு முன்பும் லண்டன் வீடுகளில் தங்கமீன்கள் இருந்தன. ஆனால் நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் அவை இறந்துவிடும். நீரை மாற்றாமலே மீன் உயிர்வாழ முடியுமா என்பதே வாரிங்டனின் கேள்வி. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி தரும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கும் என்று அவர் கணக்குப் போட்டார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் சில நாட்களில் செடியின் பழைய இலைகள் அழுகின. நீர் கலங்கிற்று. கண்ணாடியில் பச்சை வழவழப்புப் படிந்தது. மீன்களுக்கு ஆபத்து நெருங்கியது. இந்த இடத்தில் அவர் செய்தது கவனிக்கத்தக்கது. சுற்றிலும் மருந்துப் புட்டிகள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் அவர் எந்தப் புட்டியையும் திறக்கவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்றன. நீர் தெளிந்தது. நத்தைகளின் முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. 1850 மார்ச் மாதம் இதை இரசாயனச் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். மீன்தொட்டி வைத்தியத்தின் முதல் நோயறிதல் என்று இதைச் சொல்லலாம். அங்கே நோயாளி மீன் அல்ல, நீர்.

அடுத்த சில ஆண்டுகளில் மீன்தொட்டி லண்டனின் மோகமாயிற்று. 1845இல் கண்ணாடி வரி நீக்கப்பட்டிருந்ததால் தொட்டி மலிந்தது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் ‘அக்குவேரியம்’ என்ற பெயரை எல்லோர் வாயிலும் வைத்தது. ஆனால் 1860களிலேயே மோகம் தணிந்தது. பல வீடுகளில் மீன்கள் செத்து, தொட்டிகள் மூலைக்குப் போயின. செடி இருந்தும் நத்தை இருந்தும் ஏன் செத்தன? வாயுக்களின் கணக்குக்கு அப்பால் இன்னொரு கணக்கு இருந்தது. அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் அதே வாரிங்டனின் மகன். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அப்பா தங்கமீன்களை விட்டபோது மகனுக்குப் பதினோரு வயதளவில் இருக்கும். வளர்ந்தபின் லண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டனில் உள்ள ரொதாம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். அவர் ஆராய்ந்தது மீனை அல்ல, மண்ணை. மண்ணில் உள்ள அமோனியா எப்படி நைத்திரேற்றாகிறது? இது உயிரிகளின் வேலை என்று பிரான்சில் ஷ்லூசிங்கும் மியூன்ட்ஸும் 1877இல் காட்டியிருந்தனர். மகன் வாரிங்டன் அதை உறுதிப்படுத்தி மேலும் ஒரு படி சென்றார். மாற்றம் இரண்டு கட்டங்களில் நடக்கிறது, அமோனியாவை நைத்திரைற்றாக்குவது ஓர் உயிரி, நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குவது வேறோர் உயிரி என்றார். அந்த நுண்ணுயிரிகளைப் பிரித்தெடுக்கும் பெருமை 1890இல் ரஷ்யரான வினகிராட்ஸ்கிக்குக் கிடைத்தது. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது நீண்ட காலம் நம்பப்பட்ட நைத்திரோபாக்டர் அல்ல, நைத்திரோஸ்பைரா என்பது 1998இல்தான் தெரிந்தது.

தந்தையின் தொட்டி ஏன் சில வேளை தோற்றது என்பதற்கான விடை மகனின் மண்ணில் இருந்தது. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியிடுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியாவாகிறது. புதிய தொட்டியில் அதை மாற்றும் நுண்ணுயிரிகள் இன்னும் குடியேறவில்லை. அவை பெருகிப் பழக நாலைந்து வாரங்கள் வேண்டும். கடையில் வாங்கிய மீனை அன்றே தொட்டியில் விட்டால், ஓரிரு வாரத்தில் அது நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளக்கும், செவுள் சிவக்கும், துடுப்பைக் குறுக்கிக்கொண்டு மூலையில் கிடக்கும். ‘மீனுக்கு ஏதோ வருத்தம்’ என்கிறோம். உண்மையில் அது நஞ்சு குடித்திருக்கிறது. அடுத்து நைத்திரைற்று ஏறும். அது இரத்தத்தின் நிறமியை மாற்றி, பிராணவாயுவைச் சுமக்க முடியாத கபில நிறமாக்கும். நீரில் போதிய பிராணவாயு இருந்தும் மீன் மூச்சுத் திணறும். நீரில் சிறிதளவு உப்பு சேர்ப்பது இதற்கு உதவும். உப்பின் குளோரைடு செவுளில் நைத்திரைற்று நுழைவதைத் தடுக்கிறது.

லண்டனில் இது இன்னும் கடுமை. இந்நகரின் குழாய்நீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். நம் கேத்தல்களில் படியும் வெள்ளைச் செதில் அதன் சாட்சி. அது காரத்தன்மையும் உடையது. பிஎச் 7இலிருந்து 8க்கு ஏறினால், அமோனியாவின் நச்சு வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகும். இலங்கையின் ஈரவலயத்தில், மரநிழல் விழும் மென்னீர் ஓடைகளில் வாழும் கெண்டை வகை ஒன்றை இங்கே ‘பிளாக் ரூபி பார்ப்’ என்று விற்கிறார்கள். அதற்கு 1868இல் அறிவியல் பெயர் சூட்டியதும் லண்டனில்தான், பிரித்தானிய அருங்காட்சியகத்தின் குந்தர். பெயர் இங்கே எளிதாக ஒட்டிக்கொண்டது. மீனுக்கு இந்த நீர் அவ்வளவு எளிதல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதலாம் உலகப் போரின்போது, 1916இல், அலெக்சாண்டர் ஹூஸ்டன் தேம்ஸ் நீரில் குளோரின் கலக்கத் தொடங்கினார். மனிதரைக் காத்த அதே குளோரின் மீனின் செவுளைச் சுடும். ‘ஒரு இரவு வாளியில் வை, பிறகு ஊற்று’ என்று ஊரிலும் சொல்வார்கள். குளோரினுக்கு அது சரி. இன்று லண்டனில் பரவலாகப் பயன்படும் குளோரமின் ஓர் இரவில் பறந்துபோகாது. அதற்கு நீர்ப்பதன மருந்து வேண்டும். மூத்தவர்களின் அறிவுரை பொய்யல்ல, குழாய்தான் மாறிவிட்டது.

அப்படியானால் மருந்துக்கு வேலையே இல்லையா? உண்டு. தொற்றுநோய்களும் உண்மையானவை. எல்லோரும் காண்பது வெள்ளைப்புள்ளி நோய். 1876இல் பிரெஞ்சுக்காரரான ஃபூக்கே அந்த ஒட்டுண்ணிக்கு வைத்த பெயரைத் தமிழாக்கினால் ‘பல பிள்ளை பெற்ற மீன்பேன்’ என்று வரும். பெயரிலேயே நோயின் சூட்சுமம் இருக்கிறது. தோலுக்கு அடியில் இருந்து உப்பு தூவியதுபோலத் தெரியும் புள்ளியை மருந்து தொடாது. அது முற்றி உதிர்ந்து, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். நீந்தும் அந்தக் குஞ்சுகளை மட்டுமே மருந்து கொல்லும். ஆகவே புள்ளி மறைந்தபின்பும் மருந்தைத் தொடர வேண்டும். வெதுவெதுப்பான நீரில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும்.

அந்த மருந்துகளின் வேரும் லண்டனில், நமக்குப் பழக்கமான கிழக்குப் பகுதியில் இருக்கிறது. 1856இல் ஷாட்வெல் கேபிள் தெருவில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் வீட்டு ஆய்வறையில் கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். காலனி நாடுகளின் மலேரியாவுக்கு அது தேவைப்பட்டது. கொயினா வரவில்லை, ஊதாச் சாயம் வந்தது. அதிலிருந்து எழுந்த சாயத் தொழிலில் 1876இல் மெத்திலீன் நீலமும், மறு ஆண்டு மலகைற் பச்சையும் பிறந்தன. இரண்டும் பின்னாளில் வெள்ளைப்புள்ளிக்கும் பூஞ்சைக்கும் மருந்தாயின. கொயினாவையும் பழைய மீன் வளர்ப்போர் இதே நோய்க்குப் பயன்படுத்தினர். அந்தச் சிங்கோனா மரத்தை 1860இல் மார்க்கம் உதகமண்டலத்துக்குக் கொண்டுவந்தார். 1861இல் இலங்கையில் ஹக்கலைத் தோட்டம் அதற்காகவே தொடங்கிற்று. கோப்பி அழிந்தபின் 1880களில் மலைநாட்டில் அதன் பட்டையை உரித்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள்.

மீன் நோய்களை ஒழுங்காக வகைப்படுத்திய பெருநூலை 1904இல் மியூனிக்கின் புரூனோ ஹோஃபர் எழுதினார். 1956இல் ஒல்லாந்தரான வான் டைன் சாதாரண மீன் வளர்ப்போருக்கான நோய்நூலை லண்டனில் வெளியிட்டார். அதற்குப் பிறகு கடை அலுமாரிகளில் புட்டிகள் பெருகின. ஆனால் ஒரு முரண் உண்டு. மெத்திலீன் நீலம் போன்ற மருந்துகள் மகன் வாரிங்டனின் நுண்ணுயிரிகளையும் கொல்லக்கூடும். இல்லாத நோய்க்கு ஊற்றிய மருந்து, இருக்கும் காவலரை அழித்து, மறுநாள் உண்மையான நோயைக் கொண்டுவரும். அதனால்தான் நோயுற்ற மீனைத் தனித்தொட்டியில் வைத்து மருந்திடச் சொல்கிறார்கள். நுண்ணுயிர்க்கொல்லிகளை இந்நாட்டில் மிருக வைத்தியரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. அதுவும் நன்மைக்கே.

ஆகவே, பிள்ளை வந்து ‘மீன் ஒரு மாதிரி இருக்கு’ என்று சொன்னால் வரிசை இதுதான். முதலில் அமோனியா, நைத்திரைற்று, பிஎச் அளக்கும் சோதனைப் பெட்டி. அளவு பிழையென்றால் உடனே பதப்படுத்திய நீரால் பகுதி மாற்றம், தீனி நிறுத்தம். நீர் சரியென்றால் தோல், துடுப்பு, செவுள், மூச்சின் வேகம் ஆகியவற்றைக் கூர்ந்து பார்ப்பது. அதன் பிறகே மருந்து. மருந்து செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு வீட்டில் 1849இல் ஒருவர் நத்தையைத் தேடிப் போனார் என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லலாம். வெளியூரிலிருந்து வந்த உயிர் வாடினால், அதன் உடம்பைக் குறை சொல்வதற்கு முன் அது வந்து சேர்ந்த நீரைச் சோதிக்க வேண்டும் என்பது, நம் வீடுகளில் நீண்ட விளக்கம் தேவைப்படாத செய்தி.