குளோமிஃபீனும் லெட்ரசோலும்: குளிசை முடிந்த பிறகு

பிள்ளைக்காக முல்லைத்தீவிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ கிளினிக்குக்கு வரும் பெண்ணுக்கு, முட்டை ஒழுங்காக வெளிவருவதில்லை என்று தெரிந்தால், முதலில் எழுதிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் குளோமிஃபீன், லெட்ரசோல் என்ற இரண்டில் ஒன்றுதான். இரண்டும் மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஆரம்பித்து ஐந்து நாள் குடிக்கும் குளிசைகள். எஃப்.எஸ்.எச். ஹோர்மோனைக் கூட்டி முட்டையை முதிரவைப்பதே இரண்டின் வேலையும்.

அமெரிக்காவில் 1967இல் அனுமதி பெற்ற குளோமிஃபீன் மூளையை ஏமாற்றுகிறது. உடலில் ஈஸ்ட்ரோஜன் இருந்தாலும், அதை மூளை உணரும் இடங்களை அடைத்துவிடும். குறைந்துபோனதாக நம்பும் மூளை சூலகத்தை விரட்டும். லெட்ரசோல் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே சில நாளைக்கு உண்மையாகக் குறைக்கிறது. ஏறத்தாழ இரண்டு நாளில் அதன் பாதி உடலைவிட்டுப் போய்விடும். முட்டை வளர ஈஸ்ட்ரோஜன் ஏறும்; மூளை நிலைமையை அறிந்து விரட்டுவதை நிறுத்தும். அதனால் பெரும்பாலும் ஒரு முட்டைதான். குளோமிஃபீனின் மிச்சமோ வாரக்கணக்கில் தங்கும்; கருப்பையின் உட்படலத்தையும் மெலியவைக்கக்கூடும். முட்டை வெளிவந்தும் கரு தங்காமற்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

பி.சி.ஓ.எஸ். (சூலக நீர்க்கட்டி நோய்) உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், லெட்ரசோல் குடித்தவர்களில் 27.5 சதவீதத்தினரும் குளோமிஃபீன் குடித்தவர்களில் 19.1 சதவீதத்தினரும் பிள்ளை பெற்றார்கள். பி.சி.ஓ.எஸ். என்றால் இன்று லெட்ரசோலுக்கே முதலிடம். ஆனால் அது மார்பகப் புற்றுநோய்க்கென வந்த மருந்து. இந்தியா 2011இல் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு அதைத் தடைசெய்து, 2017இல் தடையை நீக்கியது. பார்மசி வாசலில் பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசித்துவிட்டுப் பயந்துபோகும் கணவனுக்கு இதெல்லாம் தெரியாது. குளிசையை எழுதும்போதே சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் தீரும் பயம் அது.

அதைவிடப் பெரிய குழப்பம் அடுத்த மாதங்களில் வருகிறது. கடைசிக் குளிசைக்குப் பின் ஐந்து முதல் பத்து நாளில் முட்டை வெளிவருவது வழமை. கரு தங்காவிட்டால் அதிலிருந்து இரண்டு வாரமளவில் மாதவிடாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவருக்கு முப்பது நாளில் வந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று கொள்ளலாம். முட்டை பிந்தினால் மாதவிடாயும் பிந்தும். குளோமிஃபீனில் உட்படலம் மெலிந்தவருக்கு இரத்தப்போக்கு குறையவும் கூடும். குளிசையை நிறுத்தியதும் பி.சி.ஓ.எஸ். உள்ளவருக்குப் பழைய ஒழுங்கீனம் பெரும்பாலும் திரும்பிவிடும். "குளிசை போட்டுத்தான் எல்லாம் குழம்பிப்போச்சு" என்று மாமியார் சொல்வது அப்போதுதான். குளிசை குழப்பவில்லை, முன்பிருந்த குழப்பத்தைச் சில மாதம் ஒதுக்கிவைத்திருந்தது, அவ்வளவே. நாள் தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. மாதவிடாயை வரவைக்கும் குளிசை கேட்பது அதன் பிறகு.

கிளிநொச்சி வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு பெண்களுக்கான சிறப்பு மையம் 2024இல் திறக்கப்பட்டது. ஆனாலும் முட்டை வளர்வதைப் பார்க்கும் ஒவ்வொரு ஸ்கானுக்கும் கரையோரக் கிராமத்திலிருந்து பஸ் ஏறுபவருக்கு ஒரு நாட்கூலி போகிறது. என் கணிப்பில், பல முட்டை முதிரும் வாய்ப்புக் கூடிய குளோமிஃபீனை ஸ்கான் பார்க்காமல் குடிப்பதே இரண்டில் கூடுதல் ஆபத்து. பழைய துண்டைக் காட்டி அதை மாதாமாதம் வாங்குகிறவர்களும் உண்டு. வழமையான எல்லை ஆறு சுற்று. அதற்குள் கரு தங்காவிட்டால் அடுத்த குளிசைப் பட்டையை வாங்காமல் நிபுணரிடம் திரும்பிப் போகவேண்டும். கணவனின் விந்துப் பரிசோதனை அதுவரை நடக்காதிருந்தால், அவரையும் கூட்டிக்கொண்டு.