பாலம் உண்டு, பத்திரிகைக்கு வழி இல்லை



ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ பிறந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். முரசு சிங்கப்பூரில் அச்சானாலும் அதன் வாசகர்கள் மலாயாத் தோட்டங்களிலும் இருந்தனர். அந்நாளில் அஃது அயல்நாட்டுச் சரக்கு அன்று. நம் வீட்டுப் பத்திரிகை.

1950-களில் முரசு வளர்த்த மாணவர் மணிமன்றம் இதற்குத் தக்க சான்று. பால்மரத் தோட்டத்துப் பிள்ளை எழுதி அனுப்பிய கதை, சிங்கப்பூரில் அச்சேறித் தோட்டத்துக்கே திரும்பி வந்தது. பின்னாளில் பெயர்பெற்ற மலேசிய எழுத்தாளர் பலர் அங்கே எழுதிப் பழகியவர்களே. இதழாசிரியர்களும் இவ்வாறே இரு கரைக்கும் உரியவராய் இருந்தனர். முரசில் பணியாற்றிய முருகு சுப்பிரமணியன் பின்னர் நேசனின் ஆசிரியராகி, இங்குள்ள எழுத்தாளர்களை ஊக்குவித்தார்.

1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. ஒரே வாசகர் கூட்டத்தின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. காய்கறியும் மீனும் பாலத்தைக் கடந்தன; நாளிதழுக்கோ உரிமம் தேவைப்பட்டது. சிங்கப்பூரின் 1974-ஆம் ஆண்டுச் சட்டம், மலேசிய நாளிதழை அங்கு விற்க உரிமம் வேண்டும் என்கிறது. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டமும் சிங்கப்பூர் நாளிதழுக்கு அதையே விதிக்கிறது. இரு சட்டங்களும் அண்டை நாட்டைப் பெயர் சுட்டியே பேசுவது கவனிக்கத்தக்கது. தொலைநாட்டுச் செய்தியைவிட, நம் மொழியிலேயே நம்மைப் பற்றிப் பேசும் அண்டை வீட்டுச் செய்திக்கே அரசுகள் அஞ்சுகின்றன.

அந்த அச்சம் அரசியல் செய்தியைப் பற்றியது. ஆனால் நாளிதழைத் தடுத்தால் அதன் மாணவர் பக்கமும் சேர்ந்தே தடைபடும். அரிசிக்கு ஒரு கடை மூடினால் மறுகடை உண்டு. பிள்ளையின் எழுத்தை ஏற்கும் ஏட்டுக்கு அவ்வளவு எளிதில் மாற்றுக் கிடைப்பதில்லை.

‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுவிட்டது. ‘தமிழ் முரசு’ 2025-இல் தொண்ணூறு ஆண்டுகளை நிறைவு செய்தது. இன்று இணையத்துக்குச் சுங்கச்சாவடி இல்லை. வழி மீண்டும் திறந்திருக்கிறது. ஆயினும் அடுத்த கரையை வாசிக்கும் பழக்கம் தானாக மீளாது. ஹுத்தான் மெலிந்தாங் மாணவரின் கட்டுரையைச் சிங்கப்பூர் மாணவர் படித்து மறுமொழி எழுதட்டும். அதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. ஆசிரியர் இருவர் மனம் வைத்தால் போதும்.

சிந்திப்போம்.