தேசியக் கலைக்கூடங்களும் தங்கவயல் தமிழும்: பெயரிடலும் பெயர்ப்பும்

கோலார் தங்கவயலில் 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கத் தொழிலை விரிவாக நடத்தத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளரோடு தமிழும் அங்குக் குடியேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் நடத்தப்பெற்றது இவ்வூரில்தான். பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்த புத்தகசாலையும் இங்கு இருந்ததே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் புகைவண்டியில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர் பலர்.

ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள அந்நகரில், 2009 பிப்ரவரி 18இல் நடுவண் அரசின் நவீனக் கலைக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது. மும்மொழிக் கொள்கையின்படி இத்தகைய நிறுவனத்தின் பெயர் கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமையும். தங்கவயல் வாசகருக்கு அதனைத் தமிழில் பெயரிட்டுக் கூறும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரையே சார்கிறது. செய்தித்தாள்களில் அது ஒருநாள் 'கலைக்கூடம்', மறுநாள் 'அருங்காட்சியகம்', பிறிதொருநாள் 'கண்காட்சி அரங்கம்' என வருவது இதனால்தான். மூன்றும் ஒன்றல்ல.

முதலில் நிறுவனத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1954 மார்ச் 29இல் தில்லி ஜெய்ப்பூர் இல்லத்தில் இதன் முதற் கூடத்தை அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ச. இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஜெர்மானியக் கலை வரலாற்றறிஞர் ஹெர்மன் கோட்ஸ் இதன் முதற் காப்பாளர். 1996இல் மும்பையின் கவாஸ்ஜி ஜகாங்கீர் மண்டபத்தில் இரண்டாவது கூடமும், பின்னர்ப் பெங்களூரில் மூன்றாவதும் அமைந்தன. பெங்களூர்க் கூடம் இயங்கும் மாணிக்கவேலு மாளிகை, மைசூர்ப் பகுதியில் மாங்கனீசு, குரோமியச் சுரங்கங்களால் பொருளீட்டிய மாணிக்கவேலு முதலியாரின் இல்லமாக இருந்தது. சுரங்கச் செல்வத்தால் செழித்த வீடு ஓவியங்களின் இருப்பிடமாயிற்று என்பது தங்கவயலார் கருதத்தக்க செய்தி. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதலான 17,000க்கும் மேற்பட்ட படைப்புகள் இத்தொகுதியில் உள்ளன.

ஆங்கிலப் பெயரிலுள்ள 'கேலரி' என்னும் சொல்லை அப்படியே எடுத்தாளலாமே எனின், ஆகாது. தமிழ்ப் பேச்சு வழக்கில் 'கேலரி' என்பது விளையாட்டு அரங்கின் படிப்படியான இருக்கை வரிசை. சுரங்கத் துறை ஆங்கிலத்திலோ நிலத்தடியில் கிடையாகக் குடைந்து செல்லும் வழிக்கும் அதுவே பெயர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தையுடைய ஊரார்க்கு 'தேசிய கேலரி' எதனை நினைவூட்டும் என்பது வினவத்தக்கது.

இந்திப் பெயர் வேறு வழியில் செல்கிறது. 'ராஷ்ட்ரீய ஆதுனிக் கலா சங்க்ரஹாலய்' என்பதில் 'சங்க்ரஹாலய்' தொகுத்து வைக்கும் இடத்தைக் குறிப்பது. ஆங்கிலம் காட்டுவதை முதன்மையாக்க, இந்தி சேர்த்து வைப்பதை முதன்மையாக்குகிறது. தமிழின் 'அருங்காட்சியகம்' அருமை, காட்சி என்னும் இரண்டையும் கூறித் தொகுப்பைக் கூறாது விடுகிறது. ஆயிரக்கணக்கான படைப்புகளில் ஒரு சிறு பகுதியே சுவரில் தொங்கும், எஞ்சியவை காப்பறையில் இருக்கும் என்பதை இச்சொல் உணர்த்தாது. இக்குறை சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் ஒரு நாட்டின் உடைமை பற்றிய பத்திரத்தை மொழிபெயர்ப்பவர்க்கு அது சிறிதன்று.

பொதுமக்கள் தாமே பெயரிட்டதும் உண்டு. சென்னை அருங்காட்சியகம் 1851இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில் தொடங்கிப் பின்னர் எழும்பூருக்குப் பெயர்ந்தது. அங்கு எட்வர்டு பால்ஃபர் உயிர்விலங்குகளையும் சேர்த்தார். மக்கள் பதனிட்ட உடல்கள் உள்ள இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிர்விலங்குகள் உள்ள இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கினர். 'காலேஜ்' என்பது முதலிருப்பிடத்தின் எச்சமாதல் கூடும். நகைப்புக்குரியதாகக் கருதப்பட்டு மறைந்த இவ்வழக்கு, பொருளை வகைப்படுத்திய திறத்தில் எந்தக் கலைச்சொல்லுக்கும் குறைந்ததன்று.

பழந்தமிழிலும் சொற்பஞ்சமில்லை. பாண்டியன் ஒருவன் 'சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்' எனப்பட்டான். பரிபாடலின் 19ஆம் பாட்டு பரங்குன்றத்து 'எழுத்துநிலை மண்டபம்' பற்றிக் கூறுகிறது. அங்கு வருவோர் ஓவியங்களைச் சுட்டி இவர் யாவர் என வினவ, அறிந்தவர் காமன், இரதி, அகலிகை, கவுதமன் என விளக்குகின்றனர். படத்தோடு பெயர் கூறும் குரலும் இருந்தாலன்றிக் காட்சி நிறைவுறாது என்பதற்கு இதனினும் பழைய சான்று தேடவேண்டுவதில்லை.

'தேசிய' என்னும் அடையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட சென்னை விக்டோரியா நினைவு மண்டபம் 1951 முதல் 'தேசியக் கலைக்கூடம்' ஆயிற்று. அது மாநில அரசினது. ஆதலின் நடுவண் அரசின் கூடங்களைத் 'தேசிய நவீனக் கலைக்கூடம்' என 'நவீன' என்பதை விடாது எழுதுதல் வேண்டும். விட்டால் வாசகர் எழும்பூருக்குச் செல்ல நேரும்.

நிறுவனப் பெயரினும் படைப்புகளின் பெயர்களே மொழிபெயர்ப்பாளரை மிகுதியும் சோதிப்பவை. அம்ரிதா ஷெர்கில் தென்னாட்டில் பயணம் செய்தபின் 1937இல் தீட்டி, இன்று இத்தொகுதியில் உள்ள 'பிரஹ்மசாரீஸ்' என்னும் ஓவியத்தைப் 'பிரம்மச்சாரிகள்' என்று பெயர்த்தால், இக்காலத் தமிழர் மணமாகாத ஆடவர் என்றே கொள்வர். படத்தில் இருப்போர் பூணூல் அணிந்து வேதம் பயிலும் இளைஞர். 'மாணி' என்னும் பழஞ்சொல் மிகப் பொருந்தும். ஆனால் இன்று அதற்கு உரை வேண்டும். 'வேத மாணாக்கர்' என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. 'பிரைட்ஸ் டாய்லெட்' என்பதை 'மணமகள் ஒப்பனை' என்க. இதனை ஒலிபெயர்ப்பாக விட்டுவைத்தால் விளையும் கேட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவற்றுள் தங்கவயலுக்கு மிக அணுக்கமானது ஒரு சிற்பம். சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக 1929 முதல் 1957 வரை பணியாற்றிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பெரும்பாறை ஒன்றை நெம்பிப் பெயர்க்கும் நால்வரை வடித்தார். 1959இல் அது சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்டது. அதன் வார்ப்பு ஒன்று தில்லி ஜெய்ப்பூர் இல்லப் புல்வெளியிலும் நிற்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ட்ரையம்ஃப் ஆஃப் லேபர்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உழைப்பின் வெற்றி' ஆகும். தமிழ் மக்கள் அவ்வாறு கூறவில்லை. 'உழைப்பாளர் சிலை' என்றனர். உழைப்பு என்னும் தொழிற்பெயர் உழைப்பாளராகிய உயர்திணைப் பெயராயிற்று. வெற்றி என்பது உதிர்ந்தது. பிழையென இதனைத் தள்ளுதல் எளிது. ஆனால் சிற்பத்தில் பாறை இன்னும் பெயரவில்லை. நால்வர் உடலும் முயற்சியின் உச்சத்தில் நிற்கின்றன. கண்ணுக்குப் புலனாவதை மட்டும் கூறும் பெயர் தமிழ்ப் பெயரே.

அந்நால்வரைப்போல் பாறையோடு பொருதவர்களின் வழியினர் தட்டி வீடுகளும் சயனைடு மேடுகளும் சூழ்ந்த ஊரிலிருந்து புறப்பட்டு, பெங்களூரில் இத்தொகுதியின் படைப்புகளுக்கு முன் வந்து நிற்கக்கூடும். அவர்க்கெனத் தமிழ்க் கையேடு எழுதப்படுமாயின், இச்சிற்பத்தின் பெயரை முதலில் 'உழைப்பாளர்' என்று தந்து, ஆங்கிலப் பெயரின் பொருளை அடுத்த வரியில் தருவதே முறை.