சும்மா இருக்கும் கால்கள்: நுண்சில்லு வரலாற்றில் ஒரு பக்கம்



ரோபோ கழக மாணவர்கள் கையாளும் மைக்ரோகண்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்திச் சில்லுக்குப் பல உலோகக் கால்கள் உண்டு. அவற்றுள் பயன்படுத்தாத கால்களை என்ன செய்வது? இக்கேள்விக்குரிய விடை காலத்துக்கேற்ப மாறி வந்துள்ளது.

தொடக்கத்தில் கால்களுக்கே பஞ்சம். 1971ஆம் ஆண்டு, ஜப்பானின் பிசிகாம் கணிப்பானுக்காக உருவான இண்டெல் 4004 சில்லுக்கு 16 கால்களே இருந்தன. முகவரி, கட்டளை, தரவு ஆகிய மூன்றும் 4 கால்களின் வழியே முறைவைத்துச் சென்றன. 1980இல் வெளிவந்த இண்டெல் 8051க்குக் கால்கள் 40. அவற்றுள் 32 உள்ளீடு, வெளியீட்டுக்கு உரியவை. அவற்றிலும் பலவற்றுக்கு இரட்டைப் பணி இருந்தது.

1960களில் பரவிய டிடிஎல் வகைச் சில்லுகளில், எதனோடும் இணைக்காத உள்ளீட்டுக் கால் பெரும்பாலும் '1' என்றே கொள்ளப்படும். ஆதலால் பலர் அதனை அப்படியே விட்டனர். சுற்றும் பெரும்பாலும் இயங்கியது.

1963இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் பிராங்க் வான்லஸ், சி. டி. சா ஆகியோர் அறிமுகப்படுத்திய சீமாஸ் முறை அந்நிலையை மாற்றிற்று. இன்றைய நுண்கட்டுப்படுத்திகள் இம்முறையில் அமைந்தவை. இவற்றின் உள்ளீட்டுக் கால் மின்னோட்டத்தை ஏறத்தாழ இழுப்பதே இல்லை. அதனால், சும்மா விடப்பட்ட கால் அருகிலுள்ள கம்பி, கை விரல் ஆகியவற்றின் தாக்கத்தால் '0'க்கும் '1'க்கும் இடையில் ஊசலாடும். அவ்வேளையில் உள்ளிருக்கும் இரு டிரான்சிஸ்டர்களும் ஒருங்கே திறந்து மின்சாரம் வீணாகும். மின்கலம் விரைவில் தீரும். நிரலில் அக்காலைப் படிக்கும் கட்டளை இருந்தால், கருவி தானே இயங்குவதுபோல் தோன்றும். அழுத்தாத பொத்தானோடு இணைந்த காலும், மின்தடை இல்லையேல், இவ்வாறே தடுமாறும்.

இதற்குத் தீர்வு எளிது. பயன்படாத காலை வெளியீடாக அமைத்து வெறுமனே விடலாம். அல்லது சில்லினுள் இருக்கும் மேலிழுப்பு மின்தடையை இயக்கலாம். 2010இல் வெளிவந்த அர்டுயினோ ஊனோ பலகையின் ஏடிமெகா 328பி சில்லில் அதன் அளவு 20 முதல் 50 கிலோ ஓம். காலை நேரடியாக மின்வாயிலோடு இணைப்பதில் ஆபத்துண்டு. தவறுதலாக அது வெளியீடாக மாறினால் மிகை மின்னோட்டம் பாயும்.

ஆகவே, மாணவரின் கருவி பிழையாக இயங்கினால், அவரது நிரலைக் குறைகூறும் முன் கால்களைச் சோதிப்போம். டிடிஎல் காலத்து நூலில் கற்ற விதி சீமாஸ் சில்லுக்குப் பொருந்தாது என்பதையும் வகுப்பில் சொல்லிக்கொடுப்போம்.